முப்பது நொடிப் பாட்டு

1 மே 2009, வெள்ளி

இன்று காலை பத்தேகாலுக்கு என் குரல் விற்பனைக்கு வந்தது. காலர் ட்யூனாக! மே தினம் என்று பனியன் கம்பெனிக்கு லீவு, அதனால் வீட்டிலேயே குதிக்க முடிந்தது. கீழ்வீட்டு அக்கா மேலே வந்து, என்ன இடிகிறது என்று கேட்டுவிட்டுப் போனார்.

சென்னைக் கம்பெனி பத்மநாபன் சார்தான் போனில் சொன்னார். இன்றிலிருந்து யார் வேண்டுமானாலும் என் பாட்டைத் தங்கள் போனில் வைத்துக்கொள்ளலாமாம். ஆளுக்கு முப்பது நொடி. எட்வின் அதைக் கேட்டதும் கீபோர்டு முன்னால் உட்கார்ந்து கல்யாண மார்ச் வாசித்தார். எங்கள் கல்யாணத்துக்கே அவர் வாசிக்கவில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் யார் வாசிக்க விடுவார்கள்?

போன வருஷம் எட்டுப் பாட்டு போட்டு நாங்களே ஒரு சிடி கொண்டுவந்தோம். நான் பாட, எட்வின் இசை. பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கிற மொபைல் கடைக்காரர் ஒன்று வாங்கினார். ஒன்றே ஒன்று. மறுவாரம் திருப்பூரில் பாதிப் பேர் மெமரி கார்டில் எட்டுப் பாட்டும் ஓடியது. கம்பெனியில் பனியன் செக்கிங்கில் எனக்கு அடுத்த டேபிள் பெண், "அக்கா, இது நல்லாருக்கு கேளுங்க" என்று என் பாட்டையே என் காதில் வைத்தாள். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் டீ குடிக்கப் போனேன்.

காலர் ட்யூனை அப்படித் திருட முடியாது என்கிறார் எட்வின். பாட்டு நம் போனுக்குள் இருப்பதே இல்லை, போன் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நம்மைக் கூப்பிடுகிறவர்களுக்கு மணிச்சத்தத்துக்குப் பதிலாக அது கேட்கும். பிடித்திருந்தால் அவர்கள் ஸ்டாரை அமுக்கினால் போதும், அவர்கள் போனுக்கும் வந்துவிடும், அதற்குரிய காசும் முறைப்படி பிடித்துக்கொள்வார்கள். ஊரே காப்பி அடிக்கட்டும் என்று பாடகி ஆசைப்படுகிற ஒரே இடம் இதுதான்.

நிபந்தனை ஒன்று உண்டு. மே முப்பத்தொன்றுக்குள் ஆயிரம் பேர் வைக்க வேண்டும். வைத்தால் மீதி ஏழு பாட்டையும் எடுத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் இதையும் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள். இதுவும் போனால் கீபோர்டை விற்றுவிட்டு சாயப்பட்டறை வேலைக்குப் போகிறேன் என்று எட்வின் சிரித்துக்கொண்டே சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

2 மே, சனி

முதல் ஆளாக என் போனில் வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது, என் போனில் இருப்பது எனக்குக் கேட்காது. இது என்ன அநியாயம்? எட்வின் போனிலிருந்து என்னையே பதினாலு தடவை கூப்பிட்டுக் கேட்டேன்.

கொடம் காத்துக் கெடக்கு ராசா
கொஞ்சம் வெரசா வா ராசா
எடம் புடிச்சு வச்ச கல்ல
எவனோ தள்ளிப் போட்டான் ராசா

காதல் பாட்டு என்று பத்மநாபன் சாரிடம் சொல்லியிருக்கிறேன்.

தெரிந்தவர்களுக்கெல்லாம் எஸ்.எம்.எஸ். அனுப்பினேன். எங்கள் ஊர் கோவில்பட்டியில் முத்துச்செல்விக்கு மட்டும். அவள் என்னோடு பத்தாவது வரை படித்தவள். அண்ணனுக்கு அனுப்பவில்லை. எதற்கு அனுப்ப வேண்டும்? என் அண்ணன் செண்பகராஜ் கோவில்பட்டியில் இரண்டு தண்ணி லாரி வைத்திருக்கிறான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வளர்த்தவன் அவன்தான். கோவில் கொடைத் திருவிழாவுக்குக் கச்சேரி வாசிக்க வந்த எட்வினை நான் கட்டிக்கொண்டு கிளம்பிய நாளிலிருந்து என் போனை எடுப்பதில்லை. நாலு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் விடாமல் கூப்பிட்டேன், பிறகு நிறுத்திவிட்டேன். இப்போது அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை.

5 மே, செவ்வாய்

பத்தொன்பது. அதில் ஆறு எங்கள் கச்சேரிக் குழு ஆட்கள்.

8 மே, வெள்ளி

செக்கிங்கில் போன் வைத்திருக்கக் கூடாது, பையில்தான் இருக்கும். மத்தியானம் சாப்பிட எடுத்துப் பார்த்தால் ஒரு மிஸ்டு கால். அண்ணன் நம்பர்.

பேர் போட்டு வைத்திருக்கவில்லை. ஆனாலும் அந்தப் பத்து எண்ணையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். திரும்பக் கூப்பிடவில்லை. கை பட்டு வந்திருக்கும். லாரி ஓட்டுகிறவர்கள் போனைச் சட்டைப்பையில் போட்டால் அது தானாக யாரையாவது கூப்பிடும், எல்லோருக்கும் நடப்பதுதான்.

சாயங்காலம் இரண்டு லாட் பனியனில் ஓட்டை இருப்பதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். சூப்பர்வைசர் கணேசமூர்த்தி சார் எல்லோர் முன்னாலும் வைதார்.

9 மே, சனி

முப்பத்தேழு. மிஸ்டு கால் வேறு வரவில்லை.

10 மே, ஞாயிறு

எங்கள் முட்டாள்தனத்தை இன்றுதான் கண்டுபிடித்தோம்.

ஜாக்கெட் தைக்கக் கொடுத்த டெய்லரைக் கூப்பிட்டேன். அவர் போனிலும் என் பாட்டு இருக்கிறது, நான்தான் கெஞ்சி வைக்கச் சொன்னேன். கீபோர்டு ஆரம்பித்தது, அப்படியே வாசித்துக்கொண்டு போனது, டெய்லர் எடுத்துவிட்டார். என் குரல் வரவே இல்லை. அடுத்து டிரம்ஸ் ஜோசப்பைக் கூப்பிட்டேன். கீபோர்டு, கீபோர்டு, ஜோசப். பால்காரர்? அவரும் கீபோர்டோடு எடுத்துவிட்டார்.

பாட்டிலிருந்து முப்பது நொடியை வெட்டிக் கொடுத்தது எட்வின். அதில் முதல் பதினோரு நொடி அவருடைய கீபோர்டு. பன்னிரண்டாவது நொடியில்தான் "கொடம்" வருகிறது. திருப்பூரில் யார் பன்னிரண்டு நொடி போனை அடிக்க விடுகிறார்கள்? ஆர்டர் போய்விடுமோ என்று மூன்றாவது நொடியிலேயே எடுத்துவிடுகிற ஊர் இது. பத்து நாளாக என் குரலை யாருமே கேட்கவில்லை. கேட்காத பாட்டுக்கு எவன் ஸ்டாரை அமுக்குவான்?

குரலிலிருந்து ஆரம்பியுங்கள் என்று அப்போதே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். முன்னால் இசை இருந்தால்தான் கெத்து என்றார். இன்று அந்தக் கெத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். கோபத்தில் ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன், அதை எட்வின் மிச்சம் வைக்காமல் குடித்தார்.

பத்மநாபன் சாரிடம் மாற்றித் தரக் கேட்டோம். மாதம் முடிகிறவரை மாற்ற முடியாதாம்.

13 மே, புதன்

ஓட்டுப் போட லீவு. மையோடு வீட்டுக்கு வந்து, யார் யார் போனைச் சீக்கிரம் எடுக்க மாட்டார்கள் என்று இரண்டு பேரும் பட்டியல் போட்டோம். பாட்டு மாறாது, அதனால் ஆட்களை மாற்ற வேண்டும். இது எட்வின் யோசனை, ராத்திரி முழுக்க யோசித்தாராம்.

சொன்ன தேதிக்குத் தைக்காத டெய்லர்கள். கேஸ் சிலிண்டர் போடுகிறவர். கல்யாணத் தரகர், அதுவும் பெண் வீட்டார் கூப்பிட்டால். இவர்கள் வீட்டுக்கெல்லாம் நடந்து போய், போனை வாங்கி நாங்களே வைத்துக் கொடுத்தோம். எங்கள் டெய்லரிடம், "தயவுசெஞ்சு போன எடுக்காதீங்க" என்றேன். வாழ்க்கையில் எந்தக் கஸ்டமரும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லையாம். அசந்துவிட்டார்.

நானும் என் பங்கைச் செய்தேன். நேற்று கணேசமூர்த்தி சார் ஓவர்டைமுக்குக் கூப்பிட்டபோது வேண்டுமென்றே எடுக்கவில்லை. மூன்று தடவை கூப்பிட்டார். நேரில் பார்த்ததும் கத்தோ கத்து என்று கத்தினார். இன்று காலை எதற்கோ அவரைக் கூப்பிட்டால் கீபோர்டு வாசிக்கிறது! மனுஷன் திட்டிக்கொண்டே ஸ்டாரை அமுக்கியிருக்கிறார்.

எண்பத்தெட்டு.

16 மே, சனி

இருநூற்று நாலு!

தப்பாகச் சொல்கிறாரோ என்று பத்மநாபன் சாரைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். இருநூற்று நாலேதான். மூன்று நாளில் நூற்றுப் பதினாறு பேர். டெய்லரால் இருக்கும் என்று அவருக்கு ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு போனோம். வாங்கிக்கொண்டார். ஜாக்கெட் இன்னும் தைக்கவில்லை.

19 மே, செவ்வாய்

நானூற்று முப்பத்தொன்று. ஆனால் திருப்பூரில் நூறு கூட இல்லையாம். மற்றதெல்லாம் கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கம் என்கிறார் பத்மநாபன் சார். அங்கே ஏதாவது விளம்பரம் செய்தீர்களா மேடம் என்று கேட்டார். இல்லை என்றேன்.

எட்வின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் என்றால் ஆயிரம் பேர் இருப்பார்கள், ஊர்ப் பாட்டு ஊருக்குப் பிடித்திருக்கும், அதிலென்ன என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போனேன். வாளியில் தண்ணீர் வழிந்து ஓடுகிற வரை நின்றுகொண்டே இருந்திருக்கிறேன்.

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். அது காதல் பாட்டு இல்லை. கோவில்பட்டியில் பத்து நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வரும். பள்ளிக்கூடம் போகும்போது வரிசையில் குடத்துக்குப் பதில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவோம். என் கல்லை யாராவது தள்ளிப் போட்டால் அண்ணனைக் கூப்பிடுவேன். அவன் எங்கே இருந்தாலும் சைக்கிளில் வந்துவிடுவான், சண்டை போட்டு என் கல்லைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுத்தான் போவான். நான் முதலில் எழுதியது "அண்ணே" என்றுதான். ராசா என்றால் விற்கும் என்று மாற்றியது எட்வின். அது நல்லதாகப் போயிற்று என்று அப்போது நினைத்தேன்.

21 மே, வியாழன்

முத்துச்செல்வி போன் பண்ணினாள். சிரித்துச் சிரித்து அவளால் பேசவே முடியவில்லை.

கோவில்பட்டியில் இந்த வருஷம் கொடுமையான தண்ணிக் கஷ்டமாம். ஊரே தண்ணி லாரிக்கு போன் போடுகிறதாம். அண்ணன் எப்போதும் போல எடுப்பதில்லையாம். ஒரு நாளைக்கு இருநூறு பேர் கூப்பிட்டால் அவன் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வான்? "கொடம் காத்துக் கெடக்கு ராசா, கொஞ்சம் வெரசா வா ராசான்னு நீ பாடுத. நாங்க இங்க காலிக் கொடத்த வச்சுக்கிட்டு உங்க அண்ணன் போன்ல அதக் கேட்டுக்கிட்டு நிக்கோம். எங்க தெருவுல எல்லாரும் ஸ்டார அமுக்கிட்டாங்கட்டி" என்றாள்.

அண்ணன் போனிலா என்று மட்டும் கேட்டேன். பின்னே எவன் போனில் என்றாள்.

எட்வின் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் அந்த நம்பரை அடித்தேன். கீபோர்டு பதினோரு நொடி. பிறகு நான். முழுக்க வந்தேன், முடிந்து மறுபடி முதலிலிருந்து வந்தேன். அவன் எடுக்கவில்லை. எடுக்காததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுவே முதல் தடவை. கீழே ஓடிவந்து எட்வினைக் கட்டிப்பிடித்து அழுதேன், அவர் பயந்துபோய் யாருக்கு என்ன ஆச்சு என்றார்.

22 மே, வெள்ளி

என் சந்தோஷத்துக்கு ஆயுசு ஒரு நாள்.

கோமதி மதினி கூப்பிட்டார்கள். அண்ணன் மனைவி. நாலு வருஷத்தில் முதல் தடவை. பக்கத்து வீட்டு போனிலிருந்து மெதுவாகப் பேசினார்கள். முத்துச்செல்வி சொல்லித்தான் பாட்டு வந்தது தெரியுமாம். அண்ணன் குளிக்கப் போன நேரம் பார்த்து அவன் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டு, பாட்டு வந்ததும் ஸ்டாரை அமுக்கிவிட்டார்களாம். அந்த மிஸ்டு கால் அதுதான்.

"ஒங்க அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது பேச்சி. அவுக போன்ல அடிக்கது அவுகளுக்கு எப்படிக் கேக்கும்? டீக்கடைல எல்லாரும், அண்ணாச்சி கொடம் காத்துக் கெடக்குங்காக. தண்ணிக்குத்தான் கேக்காகன்னு இவுகளும் சாயந்தரம் வாரேங்காக" என்றார்கள்.

சிரித்துவிட்டேன், பிறகுதான் யோசித்தேன். அப்படியென்றால் அவன் வைக்கவில்லை. என் குரலை ஊருக்கெல்லாம் கேட்க வைக்கிறவனுக்கு அது என் குரல் என்று தெரியாது. தெரிந்தால் அந்த நிமிஷமே பாட்டை எடுத்துவிடுவான். அவன் கோபம் எனக்குத் தெரியும், எனக்கும் அதே கோபம்தான். கோவில்பட்டி நின்றால் ஆயிரம் நின்றுவிடும். முப்பத்தொன்று வரைக்கும் அவனுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எட்வினின் மாதாவிடமும் வேண்டிக்கொண்டேன், எங்கள் ஊர் செண்பகவல்லி அம்மனிடமும் வேண்டிக்கொண்டேன்.

ஆனால் அவனுக்குத் தெரிய வேண்டும் என்றும் இருக்கிறது. அதை யாரிடம் வேண்டுவது?

25 மே, திங்கள்

எழுநூற்று எண்பத்தெட்டு! பத்மநாபன் சார் என்னை "மேடம்" என்று சொல்கிற தொனியே மாறிவிட்டது. இரண்டாவது பாட்டை வெட்டி வையுங்கள் என்கிறார். எட்வின் உட்கார்ந்து வெட்டிக் காட்டினார். முதல் நொடியிலேயே நான் பாட ஆரம்பிக்கிறேன், கீபோர்டு ஓரமாகப் பின்னால் வருகிறது. கெத்து எங்கே என்று கேட்டேன். தலையணையைத் தூக்கி எறிந்தார்.

ஜாக்கெட் வந்துவிட்டது. கை இறுக்கம்.

28 மே, வியாழன்

தெரிந்துவிட்டது.

இன்று மதியம் அண்ணன் போனைக் காணவில்லையாம். லாரியில் எங்கேயோ நழுவி விழுந்திருக்கிறது. போன் தொலைந்தால் எல்லோரும் என்ன செய்வார்கள்? டிரைவர் போனை வாங்கித் தன் நம்பரையே கூப்பிட்டிருக்கிறான். சீட்டுக்கு அடியில் அது அடித்திருக்கிறது. இவன் அதை எடுக்கக் குனியவில்லையாம், டிரைவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து, யார் இதைச் செய்தது என்று கேட்டிருக்கிறான். நான்தான் என்று மதினி சொல்லிவிட்டார்கள். சோற்றில் கை வைக்காமல் போனை எடுத்துக்கொண்டு லாரியோடு கிளம்பிவிட்டானாம். மதினி போனில் இதைச் சொல்லி அழுதார்கள். நான்தான் தைரியம் சொன்னேன். எனக்கு யார் சொல்வது?

தொள்ளாயிரத்து முப்பத்து நாலு.

29 மே, வெள்ளி

எண்ணிக்கை கேட்கவில்லை. அந்த நம்பரை அடித்துப் பார்க்கவும் இல்லை.

31 மே, ஞாயிறு

காலை எட்டரைக்கு பத்மநாபன் சார் வீட்டிலிருந்தே கூப்பிட்டார். ஆயிரத்து நாற்பத்தாறு!

எட்வின் கீபோர்டு மேல் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. கீபோர்டு தன்பாட்டுக்கு ஒரே சுதியில் கத்திக்கொண்டிருந்தது. கீழ்வீட்டு அக்கா இந்தத் தடவை கேசரியோடு மேலே வந்தார். ஏழு பாட்டும் ஜூனில். சாயப்பட்டறைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். நான் ஆடினேன், எனக்கு ஆடத் தெரியாது, ஆனாலும் ஆடினேன்.

பிறகு அடுப்படியில் போய் நின்றேன். ஆயிரம் வந்துவிட்டது, இனிமேல் அவன் பாட்டை எடுத்தால் என்ன, வைத்திருந்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை. பாட்டில்லாமல் வெறும் மணிச்சத்தம் கேட்டால் போனை வைத்துவிடலாம் என்று நினைத்து, எட்வின் போனை எடுக்காமல் என் போனிலிருந்தே அடித்தேன். என் பேரில்தான் போகட்டும்.

கீபோர்டு வந்தது. எடுக்கவில்லை, அவன் எடுக்கவில்லை பாட்டை! மூன்று நாளாகத் தெரிந்தும் வைத்திருக்கிறான். என் குரல் வரக் காத்துக்கொண்டு நின்றேன். நாலாவது நொடியோ ஐந்தாவது நொடியோ, கீபோர்டு பாதியில் அறுந்து போனது.

"என்னட்டி" என்றான்.

நாலு வருஷமாக என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன். மன்னிப்பு கேட்பதா சண்டை போடுவதா என்று எத்தனை நாள் பேசிப் பார்த்திருக்கிறேன். வாயில் வந்தது இதுதான்.

"ஏண்ணே அதுக்குள்ள எடுத்த? நான் பாடுதது இன்னும் வரலையே."

அந்தப் பக்கம் லாரி எஞ்சின் ஓடுகிற சத்தம். தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம்.

"சரி, வை. மறுபடி அடி. எடுக்க மாட்டேன்."

வைத்தேன். அடித்தேன். அவன் எடுக்கவில்லை.